வேலூருக்குப் போன இரத்தம்

தியானப் பகுதி: யோவான் 9:1–7, ஆதியாகமம் 50:15–21

கிறிஸ்து இயேசுவுக்குள் அன்பான சபையாரே,

வாரந்தோறும் ஒரு வேதபகுதியை எடுத்து உங்களோடு தியானிப்பது என் வழக்கம். இந்த வாரத் தியானத்தோடு ஒரு பாவ அறிக்கையும் சேர்ந்திருக்கிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அது. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் அனுமதியோடு, அவர்கள் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், காசிமேட்டிலிருந்து வயது முதிர்ந்த ஒரு தாயார் தம் மகளோடும் பேரனோடும் ஆயர் இல்லத்துக்கு வந்தார்கள். பேரனுக்குப் பதினான்கு வயது. வலது முழங்கால் வீங்கியிருந்தது. காலை நீட்டியபடியே நாற்காலியில் அமர்ந்தான். தாயார் முந்தானையில் முடிந்திருந்த ஒரு விளம்பரத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்கள். எல்லா மரபணு நோய்களுக்கும் ஸ்டெம் செல் சிகிச்சையால் நிரந்தரத் தீர்வு என்று அதில் அச்சிட்டிருந்தது. ஆறு இலட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள்.

"வீட்டை அடமானம் வைக்கலாம்னு இருக்கோம் ஐயா. நீங்க இந்தத் தாளு மேல கைய வச்சு ஒரு ஜெபம் பண்ணிக் குடுத்தா மனசுக்குத் தைரியமா இருக்கும்" என்றார்கள்.

என்னால் கையை வைக்க முடியவில்லை. அந்த விளம்பரத்தின் மேல் எழுந்த சந்தேகம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த அம்மையாரின் முகம். அவர்களை நான் முன்பே அறிவேன். அவர்களுடைய மூத்த மகனை 1996-ஆம் ஆண்டில் அடக்கம் செய்தவன் நான்தான்.

அப்போது நான் இறையியல் கல்லூரியிலிருந்து வெளியே வந்து, இராயபுரத்தில் ஒரு சபையில் உதவி ஆயராகச் சேர்ந்திருந்த காலம். அந்தத் தம்பிக்கு இருபத்திரண்டு வயது. டேப் ரிக்கார்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தார். பாடகர் குழுவில் தாழ்ந்த குரலில் பாடுவார். சிறு வயது முதல் ஹீமோபிலியா என்னும் இரத்தம் உறையாத நோய் அவருக்கு இருந்தது. அடிபட்டால் இரத்தம் நிற்காது. அடிபடாமலேயே மூட்டுகளுக்குள் கசியும். ஒவ்வொரு முறையும் பிறருடைய இரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை ஏற்றித்தான் பிழைத்து வந்தார். நம் நாட்டில் தானமாகப் பெறும் இரத்தத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது 1989-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் ஏற்றப்பட்ட எந்த இரத்தத்தில் அந்த வைரஸ் இருந்ததோ, தெரியாது. அவர் உடலில் அது குடியேறிவிட்டது.

செய்தி சபைக்குள் பரவியது. நாம் திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் பங்குபெறுகிறவர்கள். அந்தத் தம்பி பந்தியில் முழங்காற்படியிட்டால், அவருக்கு அடுத்து இருப்பவர்கள் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள். மூப்பர் ஒருவர் என்னிடம் வந்து, எல்லாருடைய மனதும் சங்கடப்படுகிறது, ஏதாவது செய்யுங்கள் என்றார். நானும் செய்தேன். அந்தத் தம்பியைத் தனியே அழைத்து, "எல்லாரும் வாங்கி முடித்த பிறகு நீங்கள் கடைசியாக வந்தால் நல்லது" என்று சொன்னேன். ஒரே கிண்ணத்தில் பருகுவதால் எச்.ஐ.வி. தொற்றாது என்பது அப்போதே மருத்துவ உலகம் அறிந்திருந்த செய்தி. நானும் அதைப் படித்திருந்தேன். படித்ததைச் சபையாருக்குச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

அவர் தலையாட்டினார். அடுத்த மாதம் எல்லாருக்கும் பின்னால், தனியாக வந்தார். அதற்கடுத்த மாதம் வரவில்லை. பிறகு வரவேயில்லை. அந்த ஆண்டின் இறுதியில் காலமானார். கல்லறைத் தோட்டத்தில் அவருடைய தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இது நான் செஞ்ச பாவமா, அவன் செஞ்ச பாவமா?" என்று கேட்டார்கள். நான் ஆறுதலாக எதையோ சொன்னேன். அவர்கள் கேட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை.

அந்தத் தாயார்தான் இப்போது பேரனோடு என் முன்னே அமர்ந்திருந்தார்கள்.

அன்பானவர்களே, அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர்கள் அல்லர். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடர் ஒருவரை வழியில் கண்டவுடன் சீஷர்கள் கேட்டதும் இதுதான். அவர்கள் அந்த மனிதரிடம் பேசவில்லை. அவரைப் பற்றி ஆண்டவரிடம் விவாதித்தார்கள். குற்றம் அவர் மேலா, பெற்றோர் மேலா என்பதே அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆண்டவர் அந்த இரண்டையும் மறுத்துவிட்டார். தேவனுடைய கிரியை அம்மனிதரிடத்தில் வெளிப்பட வேண்டும் என்று சொல்லி, அந்த வார்த்தையோடு நில்லாமல் குனிந்து, உமிழ்நீரால் சேறு உண்டாக்கி, அவர் கண்களில் பூசினார். சீஷர்கள் காரணம் தேடிக்கொண்டிருந்த அந்த இடத்தில், ஆண்டவரின் கைகள் வேலையைத் தொடங்கிவிட்டன.

ஹீமோபிலியாவைப் பொறுத்தவரை, காரணம் என்ன என்று இன்றைய மரபணு அறிவியல் தெளிவாகச் சொல்லுகிறது. நம் உடலின் ஒவ்வொரு அணுவிலும் ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு பாடம் இருக்கிறது. 1990-இல் தொடங்கிய மனித மரபணுத்தொகுதித் திட்டம் 2003-இல் நிறைவுற்றபோது, அந்தப் பாடத்தின் பெரும்பகுதி மனிதருக்கு வாசிக்கக் கிடைத்தது. அத்திட்டத்தை முன்னின்று நடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் கிறிஸ்துவை விசுவாசிப்பவர். அந்த நீண்ட பாடத்தில், எக்ஸ் குரோமோசோம் என்ற ஏட்டில், ஏறத்தாழ 1,86,000 எழுத்துகள் நீளமுள்ள ஒரு பகுதி உண்டு. இரத்தத்தை உறையச் செய்யும் எட்டாம் காரணி என்னும் புரதத்தை உண்டாக்கும் குறிப்பு அது. அதில் பிழை நேர்ந்தால் உண்டாவதே ஹீமோபிலியா ஏ.

பெண்களுக்கு அந்த ஏடு இரண்டு. ஒன்றில் பிழை இருந்தாலும் பெரும்பாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். ஆண்களுக்கு ஒன்றே, அதைத் தாயிடமிருந்து பெறுகிறார்கள். ஆகவே பிழையுள்ள ஏட்டைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒவ்வொரு மகளும் தாயைப் போலவே அதைச் சுமப்பவளாக இருக்கும் வாய்ப்பும் பாதிக்குப் பாதி. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும் இந்நோய் இருந்ததில்லை. பிழை புதிதாக நேர்ந்திருக்கிறது. ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ ஒருவருக்கு, எல்லா நாடுகளிலும், எல்லாக் குலங்களிலும் இது வருகிறது. இந்நோயின் மற்றொரு வகை விக்டோரியா மகாராணியின் சந்ததி வழியே ரஷ்ய அரண்மனை வரை போயிற்று.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வாழும் நாம், பிள்ளைகளுக்கு எந்த நோய் வந்தாலும் ஆலைப் புகையைக் கைகாட்டுவோம். அந்தப் புகைக்கும் கழிமுகத்தில் படிந்த சாம்பலுக்கும் எண்ணெய்க்கும் கணக்குக் கேட்பது நம் கடமை. ஆனால் இந்தப் பிள்ளையின் நோய்க்கு அது காரணமன்று. தாயின் பாவமும் அன்று. அந்த மகளை அவருடைய புகுந்த வீட்டில் "உங்கம்மா வீட்டு இரத்தம்" என்று சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். பிழை தாய்வழி வந்தது என்பது உண்மையாக இருக்கலாம். பிழையைச் சுமப்பது வேறு, குற்றம் செய்வது வேறு. தான் எழுதாத ஒரு எழுத்துக்காக எந்தத் தாயையும் நாம் தண்டிக்கலாகாது.

இதை நம்மைவிட முன்னதாக உணர்ந்தவர்கள் யூத ரபீமார். ஒரு தாயின் இரண்டு ஆண் பிள்ளைகள் விருத்தசேதனத்தின்போது இறந்திருந்தால், மூன்றாம் பிள்ளைக்கு அதைச் செய்ய வேண்டாம் என்று அவர்கள் கொடுத்த தீர்ப்பு தால்மூதில் பதிவாகியிருக்கிறது. சகோதரிகளின் பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா என்றும் அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆபிரகாமின் உடன்படிக்கைக்கு அடையாளமான கட்டளை அது. ஒரு குழந்தையின் உயிருக்காக அதையே அவர்கள் விலக்கி வைத்தார்கள். நானோ, ஒரு வாலிபனின் ஆறுதலுக்காகச் சபையாரின் சங்கடத்தை விலக்கி வைக்கத் துணியவில்லை.

இனி அந்த விளம்பரத்துக்கு வருவோம். ஸ்டெம் செல் என்பதைத் தமிழில் குருத்தணு என்கிறோம். வாழையின் குருத்திலிருந்து இலை விரிவதுபோல, இதிலிருந்து பல வகை அணுக்கள் தோன்றுகின்றன. நம் எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்கள் நாள்தோறும் புதிய இரத்தத்தை உண்டாக்குகின்றன. இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்கு இன்னொருவருடைய குருத்தணுவை மாற்றிப் பொருத்துவது நிலைநாட்டப்பட்ட சிகிச்சை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ஆம் ஆண்டு முதல் இது நடந்துவருகிறது. ஸ்டெம் செல் என்றாலே கருவை அழிப்பது என்று நம்மில் சிலர் அஞ்சுகிறீர்கள். கருவிலிருந்து எடுக்கும் குருத்தணுக்கள் உண்டு. அதைப் பற்றிக் கேள்வி எழுப்புவது நியாயமே. மஜ்ஜையிலிருந்தும் இரத்தத்திலிருந்தும் எடுப்பவை அவை அல்ல.

ஆனால் அந்தத் தாளில் சொல்லியிருந்தது வேறு. பையனுடைய மஜ்ஜையிலிருந்தே அணுக்களை எடுத்து, அப்படியே அவனுக்குத் திரும்பச் செலுத்துவார்களாம். சற்று எண்ணிப் பாருங்கள். பிழை அவனுடைய எல்லா அணுக்களிலும் இருக்கிறது. பிழையுள்ள அதே ஏட்டைப் படியெடுத்து அவனிடமே கொடுத்தால் எழுத்து எப்படித் திருந்தும்? அதுமட்டுமன்று, இரத்தம் உறையாத பிள்ளையின் எலும்பில் தகுந்த பாதுகாப்பின்றி ஊசியிடுவதே ஆபத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், இரத்தம் சார்ந்த நோய்களுக்கான அந்த நிலைநாட்டப்பட்ட மாற்றுச் சிகிச்சையைத் தவிர, மற்ற குருத்தணு முறைகளை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடத்தலாம் என்கின்றன. ஆய்வில் பங்குபெறுபவரிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது என்பதும் நெறி. ஆகவே ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒருவர் இதைப் புதிய ஆராய்ச்சி என்றும் சொல்லி, அதற்கு இலட்சக்கணக்கில் கட்டணமும் கேட்டால், அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள்.

பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் இளம் தாய்மார்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. தொப்புள்கொடி இரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்தால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் எல்லா நோய்க்கும் காப்பு என்று சொல்லி உங்களிடம் வருகிறார்கள். பிறவி மரபணு நோயுள்ள பிள்ளையின் கொடி இரத்தத்திலும் அதே பிழைதான் இருக்கும். கடன் வாங்கிக் கட்டுவதற்கு முன் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் நேரே கேளுங்கள். எந்தப் பிள்ளைக்கும் ஆண்டவர் அருளும் பாதுகாப்பு அந்த உறைபெட்டியில் அடங்கியிருக்கவில்லை.

அப்படியானால் அந்தத் தாயாருக்கு நம்பிக்கையே இல்லையா? இருக்கிறது. அது வேலூரிலிருந்து வருகிறது. அதைச் சொல்ல நான் மறுபடியும் எச்.ஐ.வி.க்குப் போக வேண்டும்.

1986-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இந்தியாவில் எச்.ஐ.வி. இல்லை என்றே பலரும் நம்பியிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், செல்லப்பன் நிர்மலா என்ற முதுநிலை மாணவி, காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். பரிசோதிக்கும் வசதி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்ததால், பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி, கணவரோடு இரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோனார். அங்கே ஆறு மாதிரிகளில் நிறம் மாறியது. இந்த வைரஸ் நம் நாட்டுக்குள் வந்துவிட்டது என்று நாம் அறிந்தது அந்தப் பயணத்தினால்தான்.

அதே ஆண்டுகளில் உலகமெங்கும் ஹீமோபிலியா நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இந்த வைரஸுக்கு இரையாகிக்கொண்டிருந்தார்கள். தங்களைப் பிழைக்கவைத்த மருந்தின் வழியாகவே அதைப் பெற்றார்கள். பிரிட்டனில் அப்படிப்பட்டோருக்கு நேர்ந்த அநீதியைப் பற்றிய விசாரணையின் இறுதி அறிக்கை 2024 மே மாதத்தில்தான் வெளிவந்தது. பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்தச் செய்தியை வாசித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு தேசம் மன்னிப்புக் கேட்டுவிட்டது. நான் கேட்கவில்லை என்ற எண்ணம் என்னை வாட்டியது.

அதே 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் வேறொரு செய்தி வந்தது. வேலூர் மருத்துவர்கள், டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் தலைமையில், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு இணைந்து செய்த ஆய்வின் முடிவு, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள, 22 முதல் 41 வயதுக்குட்பட்ட ஐந்து ஆண்கள் அதில் பங்குபெற்றார்கள். அவர்களுடைய இரத்தத்திலிருந்தே குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, எட்டாம் காரணிக்கான நல்ல குறிப்பு ஒன்றை ஆய்வகத்தில் அவற்றுக்குள் புகுத்தினார்கள். பிறகு கடுமையான வேதிமருந்தால் மஜ்ஜையில் இடம் உண்டாக்கி, திருத்திய அணுக்களைத் திரும்பச் செலுத்தினார்கள். அவை மஜ்ஜையில் வேரூன்றி, அவற்றின் வழித்தோன்றல்களான ஒரு வகை வெள்ளணுக்கள் எட்டாம் காரணியைச் சுரக்கத் தொடங்கின. கடுமையான நோயாளிக்கு அது இயல்பு அளவில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கும். இவர்களில் மூவருக்கு 19 முதல் 40 வரை உயர்ந்தது. மற்ற இருவருக்கு உயர்வு சிறிதே. ஆனாலும் காரணி சுரக்கத் தொடங்கிய பின், ஐவரையும் சேர்த்து மொத்தம் 81 மாதங்கள் கண்காணித்ததில், இரத்தக்கசிவு ஒருமுறையும் நேரவில்லை.

நல்ல குறிப்பை அணுவுக்குள் சுமந்து சென்றது எது தெரியுமா? லென்டிவைரஸ் என்னும் வகை. எச்.ஐ.வி.யிலிருந்து உருவாக்கியது. நோய் உண்டாக்கும் பகுதிகளையும் தானே பெருகும் வல்லமையையும் நீக்கிவிட்டு, அணுவுக்குள் புகுந்து மரபணுவோடு இணையும் அதன் திறமையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தம்பியின் உயிரைக் குடித்த வைரஸின் வெற்றுக்கூடுதான், அவரைப் போன்ற ஐந்து பேருக்கு இரத்தம் உறையச் செய்யும் எழுத்தைச் சுமந்துகொண்டு போனது. 1986-இல் அது இருப்பதைக் கண்டுபிடித்த அதே வேலூரில் இது நடந்தது.

யோசேப்பு தன் சகோதரரிடம் சொன்னதை ஆதியாகமத்தின் கடைசி அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்கள் அவனுக்குத் தீமை செய்ய நினைத்தார்கள். தேவன் அதையே திரளான ஜனங்களை உயிரோடு காக்கும் நன்மையாக முடித்தார். குழியில் போட்டது நல்லது என்று யோசேப்பு சொல்லவில்லை. வைரஸ் நல்லது என்று நானும் சொல்லமாட்டேன். அந்தத் தம்பியின் மரணம் ஒரு பெரிய திட்டத்துக்காகத்தான் என்று அவருடைய தாயாரிடம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தீமையின் கையிலிருந்ததைப் பிடுங்கி, அதைக் கொண்டே உயிர் காக்க நம் தேவன் வல்லவர் என்பதை நான் என் கண்ணாரக் காண்கிறேன்.

இன்னொன்று. அந்த நல்ல குறிப்பு முழுவதும் மனிதனுடையதன்று. பன்றியின் எட்டாம் காரணி அணுக்களிலிருந்து அதிக அளவில் சுரக்கிறது என்று கண்டு, அதன் சில பகுதிகளையும் சேர்த்து அமைத்திருக்கிறார்கள். இதை வாசித்தபோது, யோப்பாவில் மெத்தைமேல் பசியோடு ஜெபித்துக்கொண்டிருந்த பேதுரு கண்ட தரிசனம் என் நினைவுக்கு வந்தது. தீட்டு என்று நாம் தள்ளியதைக் கொண்டும் ஆண்டவர் பாடம் நடத்துகிறார். எந்த இரத்தத்தைத் தீட்டு என்று நான் கடைசி வரிசைக்கு அனுப்பினேன் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

அன்பானவர்களே, நம்பிக்கையை அளவுக்கு மீறிச் சொல்வதும் பொய்யே. ஐந்து பேர் என்பது சிறு தொடக்கம். மரபணுவோடு இணையும் சிகிச்சை என்பதால் பல ஆண்டுகள் கண்காணித்தே அதன் பாதுகாப்பை உறுதி செய்ய வேண்டும். 1999-இல் அமெரிக்காவில் வேறொரு மரபணு சிகிச்சை ஆய்வில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அதன்பின் அந்தத் துறையே பல ஆண்டுகள் தயங்கி நின்றது. மேலும், இந்தச் சிகிச்சை இரத்தத்தைத் திருத்துகிறது, சந்ததியைத் திருத்துவதில்லை. சிகிச்சை பெற்றவருக்குப் பிறக்கும் மகள்கள் அப்போதும் அந்தப் பிழையைச் சுமப்பார்கள். கருவிலேயே மரபணுவைத் திருத்திப் பிள்ளைகளைப் பிறக்கச் செய்ததாக 2018-இல் சீன விஞ்ஞானி ஒருவர் அறிவித்தபோது, உலகம் அதிர்ந்தது. அவர் சிறைத்தண்டனை பெற்றார். நோயுற்ற மனிதன் தானே சம்மதித்துத் தன் இரத்தத்தைக் குணமாக்கிக்கொள்வதற்கும், இன்னும் பிறவாத தலைமுறைகளை அவர்கள் சம்மதமின்றி மாற்றி எழுதுவதற்கும் இடையே ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையில் சபை விழிப்பாயிருக்க வேண்டும்.

விலையும் ஓர் எல்லைதான். ஹீமோபிலியா ஏ நோய்க்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வேறொரு மரபணு மருந்தின் விலை அப்போது 29 இலட்சம் டாலராக இருந்தது. நம் பணத்தில் இருபது கோடிக்கும் மேல். காசிமேட்டில் ஐஸ் உடைத்துக் கூலி பெறும் குடும்பத்துக்கு அது எட்டாத வானம். ஆகவே 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையிலேயே இந்த ஆய்வு நடப்பது எனக்கு ஆறுதல் தருகிறது. நாம் காணிக்கைப் பையில் போடும் பத்து ரூபாயும் பிறப்பித்து வளர்த்த ஊழியம் அது.

அந்தத் தாளை மடித்து அம்மையாரிடமே திருப்பிக் கொடுத்தேன். "அம்மா, இதுக்கு நான் ஜெபம் பண்ண மாட்டேன். நாளை மறுநாள் உங்களோட வேலூருக்கு வர்றேன்" என்றேன். அதிகாலையில் சென்ட்ரலிலிருந்து இரயில் ஏறினோம். அரக்கோணம் தாண்டும்வரை பையன் சன்னலோரம் உறங்கினான். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கும் முன்பு இதே வழியில் போன அந்தப் பனிக்கட்டிப் பெட்டியை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அந்தச் சிகிச்சை இப்போதைக்கு ஆய்வு நிலையில் இருக்கிறது, வயது வந்தோருக்கானது. பையனுக்கு இன்று வேண்டியது, இரத்தம் கசிந்த பின் ஓடுவதைவிடக் கசியாமல் காக்கும் தடுப்பு மருந்தை முறைப்படி பெறுவதும், முழங்காலுக்கான உடற்பயிற்சியும். எட்டாம் காரணியை நம் மாநில அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பெற முடியும். வீட்டை அடமானம் வைக்கத் தேவையில்லை. பையனின் தங்கை வளர்ந்த பின் அவள் விரும்பினால் சோதித்துக்கொள்ளலாம்; அது அவளுடைய முடிவு, ஊருக்குச் சொல்லும் செய்தியன்று என்றார்.

திரும்பி வரும் இரயிலில் அந்தத் தாயாரிடம் நான் அந்தப் பழைய கேள்விக்கு விடை சொன்னேன். "அம்மா, அது உங்க பாவமும் இல்ல, உங்க மகன் பாவமும் இல்ல. அவரைக் கடைசியா வரச் சொன்னது என் பாவம். என்னை மன்னிச்சுருங்க" என்றேன். அவர்கள் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவன் சொன்னான் ஐயா. ஐயருக்கே பயமா இருக்கும்மா, பாவம்னு சொன்னான்" என்றார்கள். எனக்காக இரங்கியிருக்கிறார், அந்தத் தம்பி. அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

இந்த வாரம் நான் உங்களிடம் கேட்பது நான்கே காரியங்கள். நோயுள்ள பிள்ளையைக் காணும்போது யார் குற்றம் என்ற விசாரணையை விட்டுவிடுங்கள். பெரிய பணம் கேட்கும் சிகிச்சை எதுவானாலும், ஜெபத்துக்கு வருவதுபோலவே ஆலோசனைக்கும் வாருங்கள். நம் சபையில் உள்ள மருத்துவர்களும் செவிலியர்களும் உங்களோடு அமர்ந்து படித்துப் பார்ப்பார்கள். உடல்நலமுள்ள வாலிபர்கள் இரத்ததானம் செய்யுங்கள். நான்காவதாக, சபையிலோ வீட்டிலோ யாரையாவது நீங்கள் கடைசி வரிசைக்கு அனுப்பியிருந்தால், என்னைப்போல் முப்பது ஆண்டுகள் காத்திருக்காதீர்கள்; இன்றே போய் மன்னிப்புக் கேளுங்கள்.

வரும் ஞாயிறு திருவிருந்து ஆராதனை. அந்தப் பையனும் அவன் பாட்டியும் முதல் வரிசையில் இருப்பார்கள். கிண்ணம் அவர்களிடமிருந்து தொடங்கும்.

ஜெபிப்போம்:

எங்களை உருவாக்கினவரே, எங்கள் அணுக்களில் நீர் எழுதிய எழுத்துகளை நீர் ஒருவரே முழுமையாய் அறிவீர். அவற்றை வாசிக்கவும் திருத்தவும் மனிதருக்கு ஞானம் தந்தமைக்காக உம்மைத் துதிக்கிறோம். அந்த ஞானம் ஏழையின் வாசலுக்கும் வந்து சேரட்டும். பொய்யான நம்பிக்கையை விற்போரிடமிருந்து எங்கள் குடும்பங்களைக் காத்தருளும். நாங்கள் தள்ளிவைத்தவர்களிடத்தில் உம்மைக் காணாமற்போன எங்களை மன்னியும். எங்களுக்காகச் சிந்தப்பட்ட இரத்தத்தின் சொந்தக்காரராகிய இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்